மக்தலா 1868: சண்டையில் பிரிட்டிஷ் பக்கம் செத்தவர்கள் இரண்டு பேர், செலவு 90 லட்சம் பவுண்டு. பணம் எங்கே போனது?

#1 நிலவறை

அபிசீனியாமேல் (இன்றைய எத்தியோப்பியா) பிரிட்டன் நடத்திய படையெடுப்பைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் கடைசி நான்கு நாளிலேயே நிற்கிறது. ஏப்ரல் 10 அரோகே சண்டை, 13 மக்தலா கோட்டை, பேரரசர் தெவோத்ரோஸ் விக்டோரியா ராணி பரிசாக அனுப்பிய கைத்துப்பாக்கியாலேயே தன்னைச் சுட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்டால் ஆள் இல்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 1862இல் தெவோத்ரோஸ் ராணிக்கு எழுதிய கடிதத்துக்கு லண்டன் பதிலே போடவில்லை. 1864 தொடக்கத்தில் அவர் பிரிட்டிஷ் கான்சல் கேமரனைப் பிடித்துச் சங்கிலி போட்டார். விடுவிக்கப் பேசப்போன தூதர் ரஸாமும் 1866இல் உள்ளே போனார். 1867 ஆகஸ்டில் படை அனுப்ப முடிவு. தலைமை, பம்பாய்ப் படையின் தளபதி ராபர்ட் நேப்பியர், அடிப்படையில் எஞ்சினியர்.

கேள்வி இதுதான். சண்டைக்காரர்கள் சுமார் 13,000 பேர். அரோகேயில் அவர்கள் பக்கம் காயம் சுமார் 20, பிறகு இறந்தவர் 2. நாடாளுமன்றம் முதலில் ஒதுக்கியது 20 லட்சம் பவுண்டு. முடிவில் வந்த பில் ஏறக்குறைய 90 லட்சம். இடையில் என்ன நடந்தது?

#2 பொதிமாடு

சண்டைக்காரர்களை மட்டும் எண்ணினால் கணக்கு பிடிபடாது. கூடப் போன வேலையாட்கள் அதைப்போல இரண்டு மடங்கு. விலங்குகள் 40,000க்கு மேல்: கோவேறு கழுதை, ஒட்டகம், மாடு, குதிரை, 44 யானை.

இறங்கிய இடம் சூலா, செங்கடல் துறைமுகமான மசாவாவுக்குத் தெற்கே. கரையோரக் கடல் ஆழமில்லாதது; கப்பல் வெகு தூரத்தில் நிற்கும். அதனால் 1867 அக்டோபரில் போன முன்னணிக் குழுவுக்கு முதல் வேலை கடலுக்குள் நீளும் இறங்குதுறை கட்டுவது. இரண்டாவது வேலை தண்ணீர். சூலாவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

வழி: நீராவிக் கப்பலின் பாய்லரில் கடல்நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் கண்டென்சரில் குளிரவைத்துக் கரைக்கு அனுப்புவது. கேட்க எளிது. அந்தக் காலத்து பாய்லரில் ஒரு டன் கரிக்கு 6, 7 டன் தண்ணீர் வந்தால் நல்ல விளைச்சல். வெயிலில் ஒரு கோவேறு கழுதைக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 5,000 விலங்குக்கு 125 டன் தண்ணீர், அதற்குக் கிட்டத்தட்ட 20 டன் கரி, தினமும். மனிதர்களுக்கான தண்ணீர் இதில் இல்லை. கரியும் கப்பலில்தான் வரவேண்டும். சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கவில்லை (1869இல்தான்).

கெட்டுப்போகும் இடமும் உண்டு. பாய்லரை விரட்டி ஓட்டினால் உப்புநீர் நுரைத்து ஆவியோடு சேர்ந்து போய்விடும், வருவது கரிப்புத் தண்ணீர். அடிக்கடி உப்பைக் கழித்துவிடாவிட்டால் உள்ளே பாறைபோல் படியும். வெளியே வரும் தண்ணீரோ சூடு. ஆறுவதற்குள் தாகத்தில் நிற்கும் கழுதைகள் தொட்டியை முட்டிக் கவிழ்த்துவிடும்.

#3 கடைசிப்பெட்டி

பொதிமாடு அண்ணே, சூலாவில் கழுதைகள் கூட்டமாகச் செத்தன என்று படித்தேன். அது தாகத்தால் மட்டும்தானா?

#4 பொதிமாடு

இல்லை, மூன்று காரணம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது.

கழுதைகளை எகிப்து, ஸ்பெயின், பாரசீகம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கினார்கள். விலங்கு முதலில் வந்தது. சேணமும் ஓட்டுபவனும் பிறகு வந்தார்கள். வந்த ஓட்டிகளோ பத்து மொழிக்காரர்கள், பாதிப் பேர் துறைமுகத் தெருவில் பிடித்துப் போட்டவர்கள். கழுத்தில் கட்டியது கயிறு. பசித்த கழுதை கயிற்றைத் தின்றுவிட்டுப் போய்விடும், கட்டவேண்டியது சங்கிலி. அவிழ்ந்தது தண்ணீரைத் தேடி மணலில் அலைந்து விழும்.

மூன்றாவது நோய். இன்று நாம் ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று சொல்வது. கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி பரப்பும் வைரஸ். குதிரைக்கு வந்தால் பத்தில் ஒன்பது போய்விடும், கோவேறு கழுதையில் பாதி. மூக்கில் நுரை தள்ளிச் சில மணி நேரத்தில் கதை முடியும். அன்று காரணம் தெரியாது, கெட்ட காற்று என்றார்கள். மலைமேல் ஏற்றினால் தணிகிறது என்பதை மட்டும் கண்டுகொண்டு குதிரைகளை அவசரமாக செனாஃபேக்கு அனுப்பினார்கள். காரணம் தெரியாமல் சரியான மருந்தைச் செய்த இடம் அது.

#5 தண்டவாளம்

ரயிலைச் சொல்லாமல் சூலாவைச் சொல்லக்கூடாது.

துறையிலிருந்து மலையடிவாரம் குமாய்லி வரை போட நினைத்தது சுமார் 12 மைல். சமவெளி மணல், இடையில் சில வறண்ட ஓடைகள். ஒழுங்கான சாமான் இருந்தால் ஒரு மாத வேலை. சாமான்தான் சிக்கல். இந்திய ரயில் கம்பெனிகளின் கிடங்கில் மிச்சமிருந்ததைக் கப்பலேற்றினார்கள், நம்ம ஊர் அகலப்பாதை அளவு, 5 அடி 6 அங்குலம். தண்டவாளம் ஒரே வகை அல்ல, பல வகை. ஒரு வகையின் உயரம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இரண்டு வகை சந்திக்கும் மூட்டில் ஒரு படி நிற்கும், சக்கரம் ஒவ்வொரு தடவையும் அதில் ஏறி இறங்கும். இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் தகடான ஃபிஷ் பிளேட் போட ஓட்டை இல்லாத தண்டவாளமும் வந்தது. ஓட்டை போடும் கருவி வரவில்லை.

வேகன்களுக்கு ஸ்பிரிங் கிடையாது, அச்சுப்பெட்டியில் கிரீஸுக்கு இடம் கிடையாது. மணல் காற்றில் அச்சு அரைபட்டுத் தேயும். ஸ்பிரிங் இல்லாத வண்டி, படிபடியாக மூட்டு, இரண்டும் சேர்ந்தால் வேகன்களைக் கோக்கும் கப்ளிங்தான் முதலில் உடையும். எஞ்சின்கள் ஏற்கெனவே ஓடிக் களைத்தவை. பாய்லர் குழாய் ஒழுகும், அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். அதாவது கப்பலில் கரியை எரித்து எடுத்த தண்ணீரை ரயில் எஞ்சினில் ஊற்றி மறுபடி கரியை எரிப்பது!

#6 நிலவறை

அப்படியென்றால் அது வீண் செலவு என்று எழுதிவிடலாமா?

#7 தண்டவாளம்

எழுதினால் சண்டைக்கு வருவேன். அந்த 11, 12 மைல் மணல்தான் விலங்குகளுக்குப் படுமோசமான துண்டு: தண்ணீர் இல்லை, புல் இல்லை, நோய் உண்டு. அங்கே ரயில் எடுத்த ஒவ்வொரு டன்னும் பத்துப் பன்னிரண்டு கழுதையை மலைமேல் வேலைக்கு விட்டது. திட்டத்தில் தப்பில்லை, சாமான் அனுப்பியவர்களிடம்தான் தப்பு. படை திரும்பிப் போனதும் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

#8 வடிமுனை

தண்ணீர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. கண்டென்சர் கடற்கரைக்குத்தான். உள்ளே போகிற வழியில் ஓடை மணலுக்குக் கீழே நீர் இருந்தது, அதை எடுக்கக் கொண்டுபோனது நார்ட்டன் குழாய்க் கிணறு. இந்தப் படையோடு போனதாலேயே இங்கிலாந்தில் அதற்கு ‘அபிசீனியக் கிணறு’ என்று பெயர் நிலைத்தது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம், நம்ம ஃபில்டர் பாயின்ட்டுக்குப் பங்காளி. சுமார் ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாய், முனை கூர்மையாக எஃகில், முனைக்குமேல் ஒன்றரை அடிக்குச் சிறு துளைகள். தோண்டுவது இல்லை, அடித்து இறக்குவது. குழாயின் தலையில் அடித்தால் மரை நசுங்கிவிடும், அடுத்த துண்டு ஏறாது. அதனால் குழாயின் நடுவில் ஒரு கிளாம்ப்பை இறுக்கி, குழாயையே வழியாகக் கொண்டு மேலும் கீழும் ஓடும் கனத்த இரும்பு எடையைக் கயிற்றில் தூக்கி அந்தக் கிளாம்ப்மேல் விடுவார்கள். குழாய் இறங்கியதும் கிளாம்ப்பை மேலே நகர்த்து, மறுபடி அடி. ஈரம் வந்துவிட்டதா என்று பார்க்கக் குண்டு கட்டிய நூலை உள்ளே விட்டால் போதும். பிறகு மேலே கைப்பம்பு. முதலில் சேறு வரும்; விடாமல் அடித்தால் முனையைச் சுற்றிப் பொடி மணல் வெளியேறி, பருமணல் தானே வடிகட்டியாக நின்றுவிடும்.

வேலை செய்யாத இடம்: பாறை (முனை மழுங்கும் அல்லது குழாய் வளையும்), களி (துளை அடைபடும்), நீர்மட்டம் 25, 26 அடிக்குக் கீழே இருந்தால் (உறிஞ்சு பம்பு அதற்குமேல் இழுக்காது, உயரமான இடத்தில் இன்னும் குறையும்). ஆகவே மலைமேல் இதற்கு வேலை குறைவு. ஓடைப்படுகையில் அரை மணியில் தண்ணீர்.

#9 பொதிமாடு

மேலே நிலவறை கேட்ட கேள்விக்குக் கணக்காகப் பதில் சொல்கிறேன். எண்கள் தோராயம், ஆனால் முடிவு மாறாது.

ஒரு கோவேறு கழுதை சுமப்பது 80 கிலோ என்று வையுங்கள். தின்பது நாளுக்கு 2.5 கிலோ தானியம். மூன்று கழுதைக்கு ஒரு ஓட்டி, அவன் சாப்பாடு கழுதைக்கு 300 கிராம் என்று விழும். மொத்தம் 2.8 கிலோ. சூலாவிலிருந்து செனாஃபே 5 நாள் நடை, போக வர 10 நாள், வழியில் தின்பது 28 கிலோ. சேர்ப்பது 52. பரவாயில்லை.

மக்தலா போகும் வழியில் உள்ள அந்தாலோ சுமார் 200 மைல். நாளுக்கு 12 மைல் என்றால் 17 நாள், போக வர 34. தின்பது 95 கிலோ. சுமப்பதே 80! அதாவது கடற்கரையிலிருந்து மட்டும் தீனி போட்டால் அந்தாலோவுக்கு ஒரு மூட்டைகூடப் போய்ச் சேராது. மக்தலா சுமார் 400 மைல்.

ஆக, நேப்பியர் உள்ளூரில் தானியம் வாங்கியே ஆகவேண்டும். பிடுங்கினால் ஒரு தடவை கிடைக்கும், அடுத்த கிராமம் குதிரை சத்தம் கேட்டதும் தானியத்தைக் குழியில் மூடிவிடும். அதனால் ரொக்கம். அந்த ரொக்கம் பவுண்டாக இருந்து பயனில்லை. வெள்ளிக்காசு ஆசாமி யாராவது வாருங்கள்.

#10 வெள்ளிச்சில்லறை

கூப்பிட்டதால் வந்தேன். அங்கே செல்லுபடியானது மரியா தெரேசா தாலர் ஒன்றுதான்: ஆஸ்திரியப் பேரரசியின் தலை, ஆண்டு 1780, எடை 28 கிராமுக்குச் சற்று மேல், வெள்ளி ஆயிரத்துக்கு 833. அரசி இறந்தது 1780இல். அதற்குப் பிறகும் அதே ஆண்டை போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் செங்கடல் வியாபாரி வேறு ஆண்டைத் தொடமாட்டான். அவன் பார்ப்பது முடிப்பட்டையின் முத்துகளும் தோள் பதக்கத்தின் புள்ளிகளும் தேயாமல் இருக்கின்றனவா என்று. ஒரு முத்து மழுங்கியிருந்தாலும் காசைத் திருப்பித் தருவான்.

நேப்பியருக்குத் தேவைப்பட்டது லட்சக்கணக்கில். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இருந்த சரக்கை வழித்தெடுத்தும் போதாமல் வியன்னா நாணயசாலையில் புதிதாக அடித்து வாங்கினார்கள். வாங்க ஒரு கூட்டம் அலைந்தால் விலை சும்மா இருக்குமா, அதுவும் ஏறியது.

பொதிமாடு பாணியில் ஒரு கணக்கு: ஒரு லட்சம் தாலர் 2.8 டன். கழுதைக்கு 80 கிலோ என்றால் 35 கழுதை. பணத்தைச் சுமக்கவே கழுதை, கழுதைக்குத் தீனி வாங்கப் பணம்.

#11 சிலுவைமலை

இத்தனை நீளமான வழியில் ஒரு ராத்திரித் தாக்குதல்கூட நடந்ததாகத் தெரியவில்லையே. 50 பேர் கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறும் சுரு கணவாயில் உட்கார்ந்து கல் உருட்டினாலே போதும். சும்மா விட்டார்களா?

#12 நிலவறை

விலைக்கு விட்டார்கள். வடக்கே திக்ரே பகுதியின் தலைவர் கஸ்ஸா 1868 பிப்ரவரி 25இல் நேப்பியரைச் சந்தித்தார். நேப்பியர் சொன்னது: கைதிகளை மீட்க மட்டுமே வந்தோம், நாட்டைப் பிடிக்க அல்ல, முடிந்ததும் போய்விடுவோம். கஸ்ஸாவுக்குத் தெவோத்ரோஸ் எதிரி. தானியம் வந்தது, வழி திறந்தது. தெற்கே இருந்த இன்னொரு தலைவர் வாக்‌ஷும் கோபஸே ஒதுங்கி நின்றார். மக்தலாவைச் சுற்றியிருந்த வொல்லோ ஒரோமோ ராணிகள் வொர்கிதும் மஸ்தாவத்தும் ஒருவருக்கொருவர் பகை, ஆனால் தெவோத்ரோஸ் தப்பும் பாதையை அடைப்பதில் இருவரும் ஒன்று. 1868இல் அவர் கையில் மிச்சமிருந்தது ஒரு மலையும் சில ஆயிரம் ஆட்களும்தான்.

அந்த ஆட்களைக் கொண்டுதான் தெப்ரே தாபோரிலிருந்து ‘செபாஸ்தபோல்’ பீரங்கியை மக்தலாவுக்கு இழுத்துவந்தார். சுமார் 7 டன். வழிநெடுக அவரே பாதை வெட்டவேண்டியிருந்தது. இரண்டு படைகளும் ஒரே மலையை நோக்கி ஒரே சமயத்தில் சாலை போட்டுக்கொண்டு வந்தன என்பது இந்தப் போரின் விசித்திரம்.

#13 தோட்டா

பாரத்தைப் பற்றிப் பேசுவதால்: யானை எதற்கு என்று பலர் வேடிக்கையாக எழுதுகிறார்கள். 12 பவுண்டு (குண்டின் எடை) ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கியின் குழல் மட்டும் சுமார் 400 கிலோ. அதைப் பிரிக்க முடியாது. கழுதை சுமக்காது, வண்டி மலைப்பாதையில் போகாது, மிச்சம் யானை. மலைப் பீரங்கி 7 பவுண்டு எஃகுக் குழல் 68 கிலோ, ஒரே கழுதைமேல் ஏறும். கடற்படையின் ராக்கெட் குழாய்களும் கழுதைமேல்தான். அரோகேயில் வேலை செய்தவை கழுதைமேல் வந்தவை.

இன்னொரு பிழையும் சுற்றுகிறது, எல்லாரிடமும் பின்பக்கம் தோட்டா போடும் ஸ்னைடர் துப்பாக்கி இருந்தது என்று. இல்லை. அது பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளுக்கு, குறிப்பாக அரோகேயில் 4ஆவது ரெஜிமென்ட்டுக்கு. இந்தியச் சிப்பாய்களிடம் வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிதான். 23ஆவது பஞ்சாப் பயனியர்கள் (பாதை போடவும் பழகிய சிப்பாய்கள்) அன்று துப்பாக்கிமுனைக் கத்தியால் நெருங்கிச் சண்டையிட்டதற்கு இதுவும் காரணம்.

ஸ்னைடர் எப்படி: பின்கட்டையை வலப்பக்கம் திற, உலோகத் தோட்டாவை வை, மூடு, சுத்தியலை இழு, சுடு. மறுபடி திறந்து கட்டையைப் பின்னால் இழுத்தால் காலிக் கூடு பாதி வரும்; தானாகத் தெறிக்காது. துப்பாக்கியைப் புரட்டினால்தான் கீழே விழும். பழகினவன் நிமிடத்துக்குப் பத்து. வாய்வழிக்காரன் மூன்று.

#14 சிலுவைமலை

அரோகேயில் எத்தியோப்பியர்கள் ஏன் கோட்டையை விட்டு இறங்கி வந்தார்கள்? அதுதான் எனக்குப் புரிவதில்லை.

#15 தோட்டா

சாமான் மூட்டையைப் பார்த்துத்தான். பஷிலோ ஆற்றுப் பள்ளம் சுமார் 1,200 மீட்டர் இறக்கம். ஏப்ரல் 10, புனித வெள்ளி. பிரிட்டிஷ் கர்னல் ஃபேர், பள்ளத்தாக்கின் மேல்முனை தன் வசம் என்று செய்தி அனுப்பினார். அங்கே ஆளே இல்லை. அதை நம்பி மலைப் பீரங்கியும் ராக்கெட்டும் சாமானும் காவல் குறைவாக ஏறி வந்தன. மேலிருந்து பார்த்த தெவோத்ரோஸின் ஆட்களுக்கு அது சுமையேற்றிய கழுதை வரிசை, கொள்ளைக்கு அழைப்பு. நேப்பியர் கண்டுகொண்டு பயனியர்களை ஓட்டமாக அனுப்பிப் பாதையை மறித்தார். அரை மணி தாமதித்திருந்தால் இந்த இழையின் தலைப்பே வேறு.

தெவோத்ரோஸின் பீரங்கிகள் மக்தலாவை அடுத்த ஃபாலா உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டன. குண்டு தலைக்குமேல் போகும், அல்லது மண்ணில் புதையும். சமவெளியில் போல எகிறி எகிறி வரிசையைக் கிழிக்காது. அவர் பக்கம் செத்தவர் சுமார் 700, காயம் 1,200.

#16 ஏணிப்படி

மதராஸ் சாப்பர்களை (மதராஸ் படையின் எஞ்சினியர் பிரிவு) ஒருவரும் சொல்லவில்லை. ஜி, எச், கே என்று மூன்று கம்பெனி போயிருந்தது. ‘அபிசீனியா’ அவர்களுடைய போர்ச் சிறப்புப் பெயர்களில் ஒன்று.

பெருமையோடு ஒரு தலைகுனிவும் உண்டு. ஏப்ரல் 13, மக்தலா வாசல். எஞ்சினியர் குழு (ராயல் எஞ்சினியர்ஸ், மதராஸ் சாப்பர்ஸ் இரண்டும்) வாசலை வெடிவைத்துத் திறக்கவேண்டும். வாசலடிக்குப் போய்ச் சேர்ந்தபிறகு பார்த்தால் வெடிமருந்துப் பீப்பாயும் இல்லை, ஏணியும் இல்லை. 400 மைல் சுமந்து வந்த சாமான், கடைசி அரை மைலில் பின்தங்கிவிட்டது! உள்ளே வாசலுக்குப் பின்னால் கல்லைக் குவித்து அடைத்திருந்ததால் மருந்து இருந்தாலும் சுலபம் இல்லை. 33ஆவது ரெஜிமென்ட் ஆட்கள் பக்கவாட்டில் முள்வேலியைத் தாண்டி மதிலேறி உள்ளே போனார்கள். முதலில் ஏறிய டிரம்மர் மேக்னர், சிப்பாய் பெர்கின் இருவருக்கும் விக்டோரியா கிராஸ்.

கைதிகள் அதற்கு முன்பே 11, 12 தேதிகளில் விடுவிக்கப்பட்டு முகாமில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

#17 சிலுவைமலை

அதுதான் என் தொண்டையில் நிற்பது. கைதிகள் கைக்கு வந்தாச்சு. தெவோத்ரோஸ் ஈஸ்டருக்கு ஆயிரம் மாடும் 500 ஆடும் அனுப்பினார். ஏற்றுக்கொள்வார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது, சமாதானம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு வேண்டாம் என்றார்கள், மறுநாள் தாக்குதல். ‘மீட்க மட்டுமே’ என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. அதற்குப்பின் கொள்ளை: பிரிட்டிஷ் மியூசியம் ஆளாக ஹோம்ஸ் படையோடேயே போயிருந்தார், தலாந்தா மேட்டில் ஏலம் நடந்தது, 15 யானையும் ஏறக்குறைய 200 கழுதையும் சுமந்தன. நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடி, தாபோத் எனும் திருப்பலகை, எல்லாம் லண்டனுக்கு. தெவோத்ரோஸின் மகன், ஏழு வயது இளவரசன் அலெமாயெஹுவும்தான். 18 வயதில் 1879இல் லீட்ஸில் இறந்தான், வின்ட்ஸரில் புதைத்தார்கள். எச்சத்தைக் கேட்டதற்கு 2023இல்கூட அரண்மனை மறுத்துவிட்டது.

#18 நிலவறை

மறுக்கவில்லை. என் பார்வையில் நேப்பியர் கோட்டையை விட்டுவிட்டுத் திரும்பியிருந்தால், 90 லட்சத்துக்கு லண்டனில் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. அதுதான் 13ஆம் தேதிக்குக் காரணம்.

பில்லுக்கு வருகிறேன். அடித்தளமே கோணல்: பல சாமான் பம்பாயில் அவசரத்தில் வாங்கியது, கப்பல் வாடகை மாதக்கணக்கில், செலவு எங்கே போகிறது என்று லண்டனுக்குத் தெரியவந்தபோது பாதி போய்விட்டது. பிரிட்டனில் வருமானவரி பவுண்டுக்கு 4 பென்ஸிலிருந்து 5 ஆகி, அடுத்த பட்ஜெட்டில் 6 ஆனது. ஆனால் போன இந்தியப் படையின் வழக்கமான சம்பளத்தை இந்திய வருவாயிலிருந்தே எடுத்தார்கள். ‘அவர்கள் இந்தியாவில் இருந்தாலும் கொடுக்கவேண்டிய சம்பளம்தானே’ என்பது வாதம். வெளியே அனுப்பும் அளவுக்கு உபரியாகப் படையை யார் காசில் வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

#19 கடைசிப்பெட்டி

கஸ்ஸாவுக்கு என்ன கிடைத்தது?

#20 தோட்டா

6 மார்ட்டர், 6 ஹவிட்சர் (இரண்டும் பீரங்கி வகை), சுமார் 850 துப்பாக்கி, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் தொப்பி. திருப்பிச் சுமக்கும் கூலியைவிடக் கொடுத்துவிட்டுப் போவது மலிவு. 1871இல் அத்வா அருகே அவற்றை வைத்து வாக்‌ஷும் கோபஸேயை (அதற்குள் அவர் தெக்லே கியோர்கிஸ் என்ற பெயரில் பேரரசர்) தோற்கடித்தார். 1872 ஜனவரியில் நாலாம் யோஹன்னஸாக முடிசூடினார்.

#21 பனைமடல்

இடையில் ஒரு சின்னக் கேள்வி, வெள்ளிச்சில்லறை அவர்களுக்கு. 1780 என்று போட்ட தாலரை வைத்து அது இந்தப் படையெடுப்புக்கு அடித்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

#22 வெள்ளிச்சில்லறை

ஆண்டை வைத்து முடியாது, எல்லாவற்றிலும் அதுதான். கீழே உள்ள எஸ்.எஃப். எழுத்தும் உதவாது, அதையும் அப்படியே நகலெடுத்தார்கள். விளிம்பில் ‘யுஸ்தித்தியா எத் கிளெமென்தியா’ என்று புடைத்த எழுத்து இருக்கும். அதன் இடைவெளி அலங்காரம், கழுகின் வால் இறகு வரிசை, பதக்கத்தின் முத்து, இவற்றை வைத்து எந்த நாணயசாலை, ஏறக்குறைய எந்தக் காலம் என்று பிரிக்கலாம். வியன்னா 1867, 68 அச்சு என்று ஒரே காசைக் காட்டிச் சத்தியம் செய்கிற விற்பனைக்காரனிடம் வெள்ளி விலைக்குமேல் கொடுக்காதீர்கள்.